செவ்வாய்க்கிழமை, ஒரு பகல்

செவ்வாய்க்கிழமை மட்டும்தான் இருவருக்கும் பொது.
மருந்துக்கடையில் என் முறை திங்களோடு முடிகிறது.
உருக்காலையில் ரதோசாவின் இரவு முறை
புதனன்றுதான் மறுபடி தொடங்கும்.
இடையில் ஒரு பகல்.
செப்டம்பர்ப் பகல், இரு ஓரத்திலும் தேய்ந்தது.

பழைய மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதுகிறேன்:
ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும்.
ஆறுக்கு நிக்சிச்சை விட வேண்டும்.
ஷாவ்னிக் வளைவுகளில் எனக்குக் குமட்டும்,
அதற்குப் பத்து நிமிடம், பாதி எலுமிச்சை.
எட்டுக்குள் ஜாப்லியாக் ஊர்.

"காபி?" என்கிறான்.
காபியை எழுதவில்லை.
"காபி குடிக்காமல் நான் மலையைப் பார்க்க மாட்டேன்.
மலையும் என்னைப் பார்க்காது."
காபி, இருபது நிமிடம்.
மலையின் பங்கிலிருந்து வெட்டிக் கொடுத்தேன்.

துர்மித்தோர் வரைபடம் மேசையைவிடப் பெரிது.
சுருண்டுகொள்ளாமல் இருக்க
நடுவில் உப்புக்குப்பியை வைத்திருக்கிறோம்,
அது ஒரு சிகரத்தின் மேல் நிற்கிறது.
உயரக் கோடுகள் நெருங்கி நெருங்கிக் கைரேகையாகின்றன.
யாரோ இந்த மலையை
அழுத்திப் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போபோதொவ் கூக் உச்சிக்குப் போய்வர
ஏழு மணி நேரம் பிடிக்குமாம்.
அவன் விரல் அங்கே போய் நிற்கிறது.
கல்யாணத்துக்கு முன்னால் ஒருதரம் ஏறினானாம்.
மேலே குளிர், கீழே ஆறு ஏரி தெரிந்தனவாம், எண்ணினானாம்.
யாரோடு என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
உச்சியை அடித்தேன்.
அடித்த வேகத்தில் பனிக்குகையும் போயிற்று.

கருப்பு ஏரி இருக்கட்டும்.
சுற்றிவர ஒரு மணி நேரம்,
என் முழங்காலுக்கு ஒன்றரை.
சாவின் கூக்கில் இழுவை நாற்காலி ஓடுகிறதா என்று
தொலைபேசியில் கேட்டேன்.
"காற்றைப் பொறுத்தது" என்றாள் ஒருத்தி.
காற்று எதைப் பொறுத்தது?
கொஞ்ச நேரம் சத்தமில்லை, பின்னால் யாரோ இருமினார்கள்.
"செவ்வாய்க்கிழமையைப் பொறுத்தது" என்றாள்.

மதியம் ஊருக்குள்.
வெண்ணெய் வழிய ஒரு தட்டு கச்சமாக், இரண்டு கரண்டி.
மாமியாருக்குப் பாலாடைக்கட்டி,
அதிக உப்பு இல்லாதது, அவர் நம்பமாட்டார்.
கம்பளிக் காலுறை.
தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில்
பைன் தேன் கிடைக்கும், மணியை இருமுறை அடி என்று
கடைக்கு வரும் மிலுன்கா சொல்லியிருந்தாள்.
தாரா பாலம் எதிர்த்திசையில் இருக்கிறது,
இருந்தாலும் அத்தனை தூரம் போய்
பாலத்தைப் பார்க்காமல் வந்தோம் என்று
யாரிடம் சொல்வது?

கூட்டிப் பார்த்தேன்.
பதினொரு மணி நேரத்துக்குள்
பதினாலு மணி நேரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது,
ஒரே வேனில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி,
ஒருவர் மடியில் ஒருவர்.

பேனாவை வாங்கினான்.
ஏரிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் நுணுக்கி எழுதினான்:
சண்டை, இருபது நிமிடம்.

"எதைப் பற்றி?"
"போனால் தெரியும்.
நேரம் ஒதுக்காமல் போய்த்தானே
ஒவ்வொரு தரமும் நாள் பூராவும் பரவிவிடுகிறது."

எதைப் பற்றி என்று எனக்கு இப்போதே தெரியும்.
பக்கத்தில் என் கடைக் கையெழுத்தில் சேர்த்தேன்:
உணவுக்கு முன். ஒரு வேளை மட்டும்.

சிரித்துக்கொண்டே போய்
வாசலில் இரண்டு ஜோடி பூட்ஸையும்
மூக்கு வெளியே பார்க்கத் திருப்பி வைத்தான்.
இன்றைக்குச் சனிக்கிழமைதான்.

வரைபடத்தை மடிக்க உப்புக்குப்பியை எடுத்தேன்.
சிகரம் இருந்த இடத்தில் வெள்ளையாய்ச் சில துகள்.
ஊதினேன்.
கொஞ்சம் மடிப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"செப்டம்பரில் அங்கே பனி விழாது" என்றான்
வாசலிலிருந்தே,
"வழக்கமாக."