தூசி

கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ், பின்கட்டு,
முன்னாள் படைவீரர் நலப்பிரிவு.
இங்கிலீஷில் வருவதைத் தமிழாக்கிக்
கையெழுத்துக்கு வைப்பது என் வேலை.
ஃபேன் சுற்றினால் காகிதம் பறக்கும்.
நிறுத்தினால் நான் வேகிறேன்.

செவ்வாய்க்கிழமை பச்சியம்மா வந்தாள்.
மகன் மாதையன், லான்ஸ் நாயக்.
பனிமலையில் பாதை திறக்கப் போனவன்.
பாதை திறந்தது.

"எந்தப் படையில இருந்தான்னு
தமிழ்ல எழுதிக் குடு சாமி,
கல்லுல வெட்டணும்.
ஏரிக்கரையில வில்லுப் புடிச்ச பழங்கல்லு ஒண்ணு நிக்குது,
அதும்பக்கத்துல நடப் போறம்.
அதுல இருக்கிறவன் யாருன்னு
இப்ப ஒருத்தருக்கும் தெரியல."

கல்லுக்கு அவளிடம் பஞ்சமில்லை.
பர்கூர்ப் பக்கம் கிரஷரில் இருபத்திரண்டு வருஷம்.

கடிதத்தில் அவன் பிரிவுக்கு ஒரு பெயர் இருந்தது,
எல்லாருக்கும் முன்னால் போகிறவர்கள் என்ற பொருளில்.
'முன்னணிப் பிரிவு' என்று எழுதினேன்.
கட்சிக்கிளை மாதிரி இருந்தது, அடித்தேன்.
'முன்செல் குழு'.
திருப்பதி டூர் பஸ். அதையும் அடித்தேன்.
பட்டாளம் என்று போடலாம்.
கப்பலில் வந்து, கரையில் நாக்கு மாறி,
கணவாய் ஏறி நம்மூர்வரை
நடந்தே வந்த சொல்.
ஆனால் பட்டாளம் முழுசு.
இவன் முனை.

பீரோமேல் அகராதியை இறக்கினேன்.
தார்: முன்படை. மாலைக்கும் அதே பெயர்,
பைபாஸில் கொதிப்பதற்கும்.
கூழை: பின்படை. வால் குட்டை மாட்டையும்
அப்படித்தான் கூப்பிடுகிறோம்.
பிறகு
தூசி: படையின் முன்னணி.

மேலே ஒரு பொருள், கீழே ஒரு பொருள்,
நடுவில் வெறும் எண்.
ஒரே சொல்லா, இரண்டு சொல்லா,
அகராதி வாய் திறக்கவில்லை.
நானாக நினைத்துக்கொண்டேன்:
தகடூர் வெளியில் ஒரு படை வருகிறது.
மதில்மேல் நிற்பவன் கண்ணுக்கு
முதலில் ஆள் தெரியாது, யானை தெரியாது.
அடிவானத்தில் மங்கலாக ஒன்று எழும்பும்.
அதன் பெயரையே
அதற்குள் ஓடிவருகிறவனுக்கும் வைத்துவிட்டார்கள்.
ஊகம்தான். புலவர் எவரும் பொறுப்பல்ல.

"தூசிப்படைன்னு போடட்டுமா?"

தன் முந்தானையைப் பார்த்தாள்.
மடிப்புக்கு மடிப்பு வெள்ளை, காலை ஷிப்ட்.
"நாங்க தின்னுற தூசியா?"
"அதே எழுத்து."
"அர்த்தம் வேற, இல்ல?"
"வேறதான். இருக்கலாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
மூச்சு இழுத்தபோது
நெஞ்சுக்குள் ஜல்லி உருண்டது.
"அப்ப எங்க வூட்டுல
மொதல்ல சேந்தது அவன் இல்ல" என்றாள்.

கைநாட்டுக்கு மை பிடிக்கவில்லை.
துடைத்து வைத்தோம், ரேகை விழவில்லை.
மூன்றாம் தடவை
பிறை மாதிரி ஒரு விளிம்பு மட்டும் ஒட்டியது.
அது போதும் என்று சூப்பிரண்டெண்ட் சொன்னார்.

கோப்பு சென்னைக்குப் போய்
பதினோராம் நாள் திரும்பியது.
ஓரத்தில் சிவப்பு மை:
'தூசி – எழுத்துப்பிழையா? தெளிவுபடுத்துக.'
இன்னும் பதில் போடவில்லை.

கல்லில் வெட்டியாகிவிட்டது.
போன வாரம் வெட்டினவன் டீக்கடையில் சொன்னான்,
இரண்டே எழுத்துதான் சார்,
பாதி நாள் ஆச்சு.
முதல் எழுத்தின் சுழியில் உளி வைத்ததும்
புகையாய் எழும்பி இமையெல்லாம் மூடிக்கொண்டதாம்.
ஊதி ஊதித்தான்
அடுத்ததற்கு இடம் பார்த்தானாம்.