சரக்குக் கதவு

மேல்தளத்தில் நிற்பவர்களுக்கு
இந்தக் கரை முழுதாய்க் கிடைக்கிறது.
எனக்குக் கிடைப்பது நான்கு மீட்டர் அகலம்.
பக்கவாட்டுக் கதவு திறந்தால் ஒரு துண்டு ஊர்.
மூடினால் அதுவும் இல்லை.

பதினோரு வருடம் இந்த ஃபோர்க்லிஃப்ட் இருக்கையில்.
எந்த ஊரில் துறைமேடை இடப்பக்கம் சரியும்,
எந்த ஊரில் காயும் மீன்தலைகளின் வாடை
கப்பலுக்கு முன்பே வந்து நிற்கும்,
எந்த ஊரில் கயிறு பிடிப்பவன் குடித்திருப்பான்,
எல்லாம் தெரியும்.
மலைகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிய காலையில்
பயணிகளின் சட்டைக் கழுத்துக்குள் பனிக்கட்டி போட்டார்கள்.
கூச்சல் இரும்பு வழியே இறங்கி வந்தது.
சமையலறை இயந்திரத்தில் செய்த கட்டிகள்.
அப்போது வழிதவறிக் கீழே வந்த ஒரு ஜெர்மன்காரர்
கையிலிருந்த புத்தகத்தை நீட்டிக் கேட்டார்:
"இதில் பனியாறு கடலைத் தொடுகிறதே?"
பழைய புத்தகம், என்றேன்.

ட்ரோம்சோவில் ஏறியவை:
ஒரு சலவை இயந்திரம்,
இருபத்திரண்டு பெட்டி தக்காளி,
பனிவண்டிக்கு உதிரிப் பெல்ட்டுகள்,
ஹால்வார்.
சரக்குச் சீட்டில் அவன் பெயர் இல்லை. நீளம், எடை,
இறங்குமிடம் ஓக்ஸ்ஃபியோர்.

கூடவே வந்த ஓட்பியோர்க் மேலே போக மறுத்துவிட்டாள்.
சரக்கறையில் பயணிகள் இருக்கக் கூடாது, விதி.
ஐலிஃப் என்னைப் பார்த்தான்.
நான் சலவை இயந்திரத்தைப் பார்த்தேன்.
அவள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து
சீட்டை வாங்கிப் படித்தாள்.
"நூற்றுநாற்பது கிலோவா?
பெட்டிதான் கனம். ஆஸ்பத்திரியில் பாதியாகிவிட்டான்."

ஷெர்வோய் தாண்டியதும் ஒலிபெருக்கி, மூன்று மொழிகளில்:
வானத்தில் துருவ ஒளி.
தலைக்குமேல் நூற்றுக்கணக்கான கால்கள்
ஒரே பக்கமாக ஓடின.
போய்ப் பாருங்கள் என்றேன்,
கதவைத் திறந்து காட்ட முடியாத வெட்கத்தில்.
"பச்சை தெரிந்தால் இவன் திட்டுவான்" என்றாள்,
"வானம் வெளுத்திருக்கு,
விடிந்தால் கயிறெல்லாம் விறைத்துக் கிடக்கும் என்று."

பிறகு வெகுநேரம் எஞ்சின் மட்டும் பேசியது.

ஓக்ஸ்ஃபியோர், இரவு இரண்டு மணி.
பத்து நிமிட நிறுத்தம்.
கதவு திறந்தது, மைனஸ் பதினேழு.
துறையில் எஞ்சின் அணைக்காமல் ஒரு லாரி,
தொப்பியைக் கையில் பிடித்தபடி இரண்டு பேர்.
பெட்டியின்மேல் போர்த்தியிருந்த கம்பளியை
ஓட்பியோர்க் உருவியெடுத்துத்
தக்காளிப் பெட்டிகளின்மேல் விரித்தாள்.
"இவனுக்கு இனிக் குளிர என்ன இருக்கு."

பெறுபவர் கையெழுத்து என்ற கட்டத்தில்
பேனா எழுதவில்லை, மை உறைந்திருந்தது.
பென்சில் கொடுத்தேன்.
முழுப் பெயரையும் எழுதினாள், அவசரமில்லாமல்.
முள்களை நுழைத்து அவனைத் தூக்கினேன்,
ஒரு சாண் உயரம், அதற்குமேல் இல்லை.
அவள் இறங்கி, பின்னோக்கி நடந்தபடி
கையை அசைத்தாள்,
ஆயிரம் முறை படகை அணையவைத்த கை:
இடது, இடது,
இன்னும் கொஞ்சம்.
போதும்.

மேலே யாரோ படம் எடுத்தார்கள்.
எங்கோ ஒரு வீட்டுச் சுவரில்
பச்சை வானத்துக்குக் கீழே
மஞ்சளாய் ஒரு புள்ளி இருக்கலாம்.
அது என் வண்டி விளக்கு.

ஐந்தேகாலுக்கு ஹாமர்ஃபெஸ்ட்.
வரலாற்றுத் துறைமுகம் என்றது ஒலிபெருக்கி.
போரில் எரித்தார்கள்.
கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம்தான் மிஞ்சியது.
மற்ற எல்லாம் என் அம்மாவைவிட இளையவை.
அங்கே தக்காளி இறங்கியது.
ஒன்றுகூடக் கெடவில்லை.

கம்பளி என்னிடம் தங்கிவிட்டது.
அதில் டீசலும் மீனும்
எனக்குத் தெரியாத ஒரு வீடும் மணக்கின்றன.
தெற்கே திரும்பும்போது இறக்குவதற்காகச்
சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்:
பெறுபவர், ஓட்பியோர்க்.
எடை, ஒன்றரை கிலோ.