ஐந்தாவது அன்னம்

ஐந்து பேருக்குப் பணம் கட்டியிருந்தோம்.
வராதவர் பங்கு திரும்பக் கிடைக்காது என்று
அடியில் பொடி எழுத்தில் இருந்தது.
படித்துவிட்டுத்தான் கட்டினோம்.
பொடி எழுத்தை அடுத்தவருக்குப் படித்துக் காட்டித்தானே
எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

செபு நகரில், பதினோராம் மாடியில்
எங்களுக்கு இரவு பத்து மணிக்கு விடியும்.
ஒஹையோவில் யார் வீட்டிலோ ஃப்ரிட்ஜ் ஒழுகினால்
இங்கே எங்கள் காது நனையும்.

விடுப்புப் பட்டியலில்
ஜோவெலின் பெயருக்கு எதிரே மட்டும் சிவப்பு.
"போய்ட்டு வாங்க, எனக்குக் கடல் அலர்ஜி" என்றாள்.
தீவில் பிறந்தவள்.

மூங்கில் கைகளை விரித்துக்கொண்டு படகு ஓடியது.
லெவி வாந்தி எடுத்தான்.
அவன் முதுகைத் தடவிய கையை விட்டு
மறுகையால் கிரிசாந்தா படம் எடுத்தாள்.
நோனோய் மடியில் ரைஸ் குக்கர்,
பிள்ளை மாதிரி.
ரிசார்ட்டில் சோறு என்ன விலை தெரியுமா?

அறையில் ஐந்து கட்டில்.
ஒவ்வொன்றிலும் துண்டை மடித்துச் செய்த அன்னம்.
நான்கை வந்த வேகத்தில் அவிழ்த்துத் தலை துவட்டினோம்.
ஐந்தாவது
கழுத்தை வளைத்துக் கதவையே பார்த்திருந்தது.

அப்புறம் தூங்கினோம்.
நீலம், பச்சை, வெள்ளை மணல் என்று
விளம்பரத்தில் சொன்னதெல்லாம் வெளியே காத்திருக்க
திரையை இழுத்து விட்டுவிட்டு
பகல் முழுக்கத் தூங்கினோம்.
பவளப்பாறை பார்க்கப் படகு வந்து, நின்று, போய்விட்டது.
வரவேற்பு மேசைப் பெண் மூன்று முறை தட்டிவிட்டு
உயிர் இருக்கிறதா என்று
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாளாம்.

நள்ளிரவில் ஜெனரேட்டர் நின்றது.
நாங்கள் எழுந்தோம்.

கருவாடு, ரம், எண்ணிக்கை விட்டுப்போன நட்சத்திரங்கள்.
தாய்மொழியில் லெவிக்கு நாக்கு திக்கும்,
ஆங்கிலத்தில் திக்காது.
அதனால் அவன் பொய்யை எல்லாம் ஆங்கிலத்தில் சொல்வான்.
அன்று இருட்டில்
வேலையை விடப் போகிறேன் என்பதை
திக்கித் திக்கிச் சொன்னான்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
அலை ஒன்று படித்துறைக் கட்டைக்கு அடியில் வந்து
எதையோ தேடிவிட்டுப் போனது.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே
ஒரே ஒரு இடத்தில் சிக்னல் உண்டு.
மணி மூன்று. ஜோவெலின் நாற்காலியில் இருப்பாள்.
யாருக்கு முதலில் தோன்றியதோ,
எங்கள் எண்ணையே அழைத்தோம்.
அமெரிக்காவுக்கு இலவசம், எங்களுக்கு நிமிடத்துக்குக் காசு.

எண்பது நாற்காலியில் அவள் எடுக்க வேண்டுமே.
அந்த மேளதாள இசையை முதல்முறையாக
இந்தப் பக்கமிருந்து கேட்டோம்.
என்ன கொடுமையான இசை.

எடுத்தது ஒரு பையன். புதியவன்.
"உங்கள் ஃப்ரிட்ஜ் குறித்து நான் எப்படி உதவட்டும்?"
நாங்கள் பேசவில்லை.
கிரிசாந்தா போனைக் கடல் பக்கம் நீட்டினாள்.

பதில் இல்லையென்றால் மூன்று முறை கேட்க வேண்டும்,
பிறகு துண்டிக்க வேண்டும். விதி.
ஒரு முறை கேட்டான்.
இரண்டாம் முறை குரல் தணிந்தது.
மூன்றாம் முறை கேட்கவே இல்லை.
அவன் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது,
சராசரி அழைப்பு நேரம் கெட்டுப்போவது தெரிந்தும்.

காசு தீர்ந்து தானாக அறுந்தது.

காலையில் ஐந்து தட்டு வந்தது.
பூண்டுச் சோற்றைப் பிரித்துவிட்டோம்.
ஒற்றை முட்டையை நாலாக வெட்ட யாருக்கும் வரவில்லை.
நாய்க்குக் கொடுத்தோம்.

துண்டை எடுத்துப்போனால் முந்நூறு பேசோ அபராதம்,
அதுவும் பொடி எழுத்து.
தலைக்கு எழுபத்தைந்து போட்டுக் கட்டினோம்.

திரும்பும் பஸ்ஸில்
கழுத்து கலையாமல் இருக்க
ரைஸ் குக்கருக்குள் உட்கார்ந்து வந்தது அன்னம்.
நோனோய் மூடியை எடுத்தான்.
"வே… வேண்டாம்" என்றான் லெவி,
"அது வெ… வெளியே பார்க்கட்டும்."