நிறம் பார்க்கிறவள்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
டேங்கர் வேகன்களை எண்ணியபடி நிற்கிறேன்,
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
பையில் சோதனைக்குழாய், சொட்டுக் குப்பி.
அடியில், கைக்குட்டையில் சுற்றி,
தணிகாசலத்தின் மாத்திரை அட்டை.

அவருக்கு என்ன நோய் என்று தெருவுக்குத் தெரியக்கூடாது.
தெரிந்தால் மகள் ஏறும் ஷேர் ஆட்டோவில்
பக்கத்து சீட் காலியாகவே போகும் என்கிறார்.
அதனால் நான் தண்ணீர் சோதிக்க வருகிற நர்ஸ்.
ஒரு வீட்டுக்குள் நுழைவதற்காக
பதினெட்டு வீட்டு டிரம்களைத் திறக்கிறேன்.

"நேத்துதான பாத்துனு போன, இன்னிக்கும் இன்னாக்கா?"
என்றாலும் தேசம்மா மூடியைத் தூக்கிப் பிடிப்பாள்.
குழாயில் தண்ணீர், இரண்டு சொட்டு, ஒரு குலுக்கு.
மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது.

இரண்டாம் வாரமே மாத்திரையை நிறுத்தியிருந்தார் அவர்.
ஏனென்று கேட்டதற்குக் கதவைச் சாத்தினார்,
சுவரில் தொங்கிய காலண்டரிடம் சொன்னார்:
"ஒண்ணுக்குப் போனா செவப்பா போவுதும்மா.
ரத்தம். உள்ள அறுக்குது அந்த மாத்திர."

பொதுக் கழிப்பறையில்
அடுத்து வருபவர் கண்ணில் படாமலிருக்க
இரண்டு பக்கெட் கூடுதலாக ஊற்றியிருக்கிறார்,
லாரித் தண்ணீரை, காசு கொடுத்து வாங்கியதை.

சமுதாயக் கூடத்தில் அன்று நான் பேசியது
முக்கால் மணி நேரம்.
இருமும்போது வாயை மூடு, ஜன்னலைத் திற,
முட்டை சாப்பிடு, ஆறு மாதம், ஒரு நாளும் தவறாதே.
எல்லாவற்றுக்கும் படம் இருந்தது.
சிறுநீர் செம்மஞ்சளாகும், அது மருந்தின் சாயம், பயப்படாதே
என்பதற்குப் படம் இல்லை.
நானும் சொல்லவில்லை.
பத்து விநாடி ஆகியிருக்கும்.
கூட்டம் முடிந்து
வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினேன்,
அவருடையதும் அதில் இருக்கிறது.

கேட் திறந்தது. தெருவுக்குள் வந்தேன்.
ஆறு வீடு மஞ்சள்.
ஏழாவது வீட்டில் இரண்டு சொட்டு, குலுக்கினேன்,
இன்னும் இரண்டு சொட்டு விட்டேன்.
வெறும் தண்ணீர், கண்ணாடி போல.
எட்டு, ஒன்பது, பத்து, அப்படியே.
அடியில் சாக்கடை வாடை,
மூக்கை உள்ளே விட்டால்தான் தெரிகிறது.
ஒரு மனிதருக்காகச் சொன்ன பொய்
என் கையிலேயே நிஜமாகி நின்றது.

"கொதிக்க வையுங்க, குழந்தைக்குக் குடுக்காதீங்க"
என்று பத்தாவது வாசலில் கத்தும்போது
தணிகாசலம் வெளியே வந்தார்.
குழாயை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார்.
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி,
"எனக்கு வந்த கலரு இதுக்கு வரலியேம்மா" என்றார்.
சிரித்தாரா, தெரியவில்லை. துண்டு வாயில் இருந்தது.
பிறகு பதினோராவது வீட்டுக்கு
எனக்கு முன்னால் நடந்து போய்
அவரே கதவைத் தட்டினார்.

குடிநீர் வாரியத்துக்கு மூன்றாவது முறை போன் போடுகிறேன்.
ஆள் கிளம்பிவிட்டாராம்.
கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாராம்.