ஒன்றும் இல்லை

தீயணைப்பு வண்டியை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் மேசை போடுவோம்.
எண்ணெய்க் கறையின் மேல் வாக்குப்பெட்டி.
வயோமிங்கின் இந்த மூலையில்
ஒரு நாட்டின் தலைவரை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம்.
அதாவது,
தேர்ந்தெடுக்கப்போகும் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறோம்.
எந்த மூன்று பேர் என்பது
வைக்கோல் கட்டும் முன்பே எல்லோருக்கும் தெரியும்.

எண்ணுவது நான்.
அறுபதை ஒட்டி ஏறும், இறங்கும் ஓர் எண்.
பக்கத்தில், ஐந்து தேர்தலாக,
ஒன்று.

அது ஓர்வில் டெஷ் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்.
பிள்ளைகள் வரும்வரை ஸ்டியரிங்கில் புத்தகத்தைச் சாய்த்துப் படிப்பவர்.
வேறென்ன சாட்சி வேண்டும்?
"உன் ஒன்று ஷையான் போய்ச் சேர்ந்ததா, ஓர்வில்,
வழியில் பனியில் மாட்டிக்கொண்டதா?"
காபிக் கடையே சிரிக்கும்.
அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருப்பார்.
இல்லையென்று ஒருநாளும் சொன்னதில்லை.

போன முறை அறுபது, ஒன்று.
பிறகு யாரும் குடிவரவில்லை,
யாருக்கும் பதினெட்டு ஆகவில்லை,
ஏப்ரலில் ஓர்வில் இறந்தார். அவ்வளவுதான் மாற்றம்.

நவம்பரில் சீட்டுகளைக் கொட்டினேன்.
ஐம்பத்தொன்பது.
ஒன்று.

கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி எண்ணினேன்.
எதிரே கோடு போட்டுக்கொண்டிருந்த லெட்டி கம்போ
பென்சிலைக் கீழே வைத்தாள்.

ஆக, அவர் அந்த அறுபதில் ஒருவர்.
இருபது ஆண்டு, யாருடைய குளிருக்கோ
தன் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
உட்கார்ந்திருந்திருக்கிறார்.

டிசம்பரில் ஷையானில் மூன்று பேர் கையெழுத்திட்டார்கள்.
அந்தத் தாளில் ஐம்பத்தொன்பதும் இல்லை,
ஒன்றும் இல்லை.
கடலில் கரைத்த பெருங்காயம் எனலாம்.
எனலாம்தான்.
ஆனால் கடையில் இப்போது
பரட்டா யார் நுழைந்தாலும் ரேடியோவைத் தணிக்கிறார்.
கேலி செய்ய வாயெடுத்தவர்கள்
எதிரே இருப்பது யாரென்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள்.
எதிரே இருப்பவரை
இதற்குமுன் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

நேற்று அவர் என்னிடமே கேட்டார்,
காபியை ஊற்றியபடி, ரகசியக் குரலில்:
"நீயா?"

நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.
ஒரு கரண்டி போட்டேன்.
கலக்கினேன்.