பதினோராம் குழி

மேயோ கரையில் மார்ச் மாதச் சாய்வு மழை.
மண் தள்ளும் எந்திரத்தில் நான்; மணிக்கூலி.

ஆரிகனில், டாஸ்மேனியாவில்
கோல்ஃப் திடல் வரைந்து பேர் வாங்கிய லோர்கன் டிவேன்
மூன்று நாளாய் மணல்மேட்டில் நடக்கிறார், படுக்கிறார்,
முயல் போன தடத்தில் கொடி நடுகிறார்.

"எங்கே வெட்டணும்?"
"முதலில் எஞ்சினை நிறுத்து. காற்று பேசுவது கேட்கவில்லை."

நான்காம் நாள் ஒரு மேட்டைக் காட்டி
முழ உயரம் சீவச் சொன்னார்.
சீவினேன்.
கடல் திறந்தது.

வெகுநேரம் பார்த்தார்.
"மூடிவிடு. சத்தம் போதும்."

வெட்டியதற்கு ஒன்று, மூடியதற்கு ஒன்று,
இரண்டு மணிக்கூலி வாங்கினேன்.

இன்று பதினோராம் குழிக்குப்
பந்தை வைத்துக் குனிகிறவர்கள்
அடிக்கும் முன் ஒருமுறை
இடப்பக்கம் திரும்புகிறார்கள்.
அங்கே
புல் மட்டும்தான்.