மெய்ப்பு

பாசல், நான்காம் மாடி. சன்னலுக்குக் கீழே
ரைன் கலங்கி ஓடுகிறது.
ஆறு மணிவரை எனக்கு வேலை,
மருத்துவக் கட்டுரைகளில் வரும் படங்களைப் பார்ப்பது.
எழுத்துக்கு வேறு ஆள்.

கரும்பட்டைகள். சாம்பல் தாளில்
வரிசையாகப் படுத்திருக்கும் புரதங்கள்.
மூன்றாம் பட்டையின் ஓரத்தில் ஒரு தூசி,
உதிர்ந்த இமைமயிர் அளவு.
ஏழாம் பட்டையிலும் அதே இமைமயிர்,
தலைகீழாக.

முழுப் பூசணிக்காயை இங்கே யாரும்
சோற்றில் மறைப்பதில்லை.
அதே சோற்றை இரண்டாம் தரம் பரிமாறுகிறார்கள்,
தட்டைத் திருப்பி வைத்து.

சுழற்றிப் பொருத்தினேன். பொருந்தியது.
தேநீர் குடித்துவிட்டு வந்து பொருத்தினேன்.
அப்போதும்.

ஒன்பது பேர் எழுதியதாகப் போட்டிருந்தது.
ஆறாமவரை லோசானில் தொலைபேசியில் பிடித்தேன்.
"என் பெயரா? எந்தக் கட்டுரையில்?"
பிறகு, "ஓ... எங்கள் கருவியை இரவல் கொடுத்தோம்."
இரண்டாம் பெயர் மாணவி, மிரெய் போஷா.
அந்த ஆய்வகத்தில் இப்போது இல்லை என்றார்கள்.
நன்றியுரையில் ஒரு மருந்துக் கம்பனி:
'எழுத்து உதவிக்கு'.

அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள்
இதை மேற்கோள் காட்டிவிட்டன.
எங்கோ ஒரு வார்டில்
யாரோ ஒருத்தியின் நரம்புக்குள்
இந்த இமைமயிரை நம்பி ஏதோ ஒன்று
சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் ஆசிரியர் ஏபிஷர் அம்மையார்
பதினான்கு மாதம் கடிதம் எழுதினார்.
பேராசிரியரின் வழக்கறிஞர் பதில் எழுதினார்.
கடைசியில் சண்டை ஒரே சொல்லில் வந்து நின்றது.
அறிவிப்பில் 'தவறுதலாக' வேண்டும் என்றார்கள்.
தூக்கத்தில் குழந்தை புரள்வதுபோல்
படம் தானே புரண்டு படுத்ததாம்.

எழுத்துப் பார்ப்பதற்குத் தமிழில்
மெய்ப்புப் பார்ப்பது என்று பெயர்.
படம் பார்ப்பதற்குப் பெயர் கிடையாது,
அதையே நானும் எடுத்துக்கொண்டேன்.
மெய் என்றால் உண்மை. உடம்பும் மெய்தான்.
ஏபிஷரிடம் இதை ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்.
"அழகாக இருக்கிறது," என்றார்,
"அறிவிப்பில் போட முடியாது."

'தவறுதலாக' போட்டோம்.

நேற்றிரவு வீட்டிலிருந்து, வெளியாள் மாதிரி,
போய்ப் பார்த்தேன்.
கட்டுரையின் குறுக்கே சிவப்பில்:
திரும்பப் பெறப்பட்டது.
அதற்குக் கீழே, பழைய இடத்திலேயே, பொத்தான்:
முழுவதும் வாசிக்க முப்பத்தெட்டு பிராங்க்.

இன்று காலை மிரெயின் பழைய முகவரிக்கு
இன்னொரு தரம் எழுதினேன்.
'உங்களிடம் அசல் படங்கள் இருக்கின்றனவா?'
ட்ராம் பாலத்தைக் கடப்பதற்குள்
திரும்பி வந்துவிட்டது.